கடல்காரியின் கன்னத்தில் வினிகர்

1. போனில் வந்த படம்

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஏரியா தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. இடுப்புயரக் குத்துவிளக்கு, அதன் ஐந்து முகத்திலும் பேட்டரி பல்பு, பக்கத்தில் நாட்டிய உடையில் ஒரு பெண். "நம்ம தன்யா அரங்கேற்றம்! என்ன ஒரு லொகேஷன்!" என்று கீழே எழுதியிருந்தார்கள். ஆளாளுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் பெண்ணைப் பார்க்கவில்லை. விளக்கின் பாதத்தைத்தான் பார்த்தேன். அது நின்றுகொண்டிருந்தது நான் வேலை பார்க்கும் மியூசியத்தின் மொசைக் மேல். ரோமானியர் காலத்துத் தரை அது. யாரும் மிதிக்கக் கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருந்தோம். படத்தில் கயிற்றைக் காணோம். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கைச் சுற்றியிருந்த கற்கள் கருத்து, ஈரமாக மின்னின. தண்ணீர் அப்படி மின்னாது. எண்ணெய் மட்டும்தான் அப்படி மின்னும்.

மியூசியத்தில் வாடகை நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் ஈவென்ட் மேனேஜர் ட்ரெவரைக் கூப்பிட்டேன். அவன் பேசியது ஆங்கிலம். நான் நம் பேச்சில் எழுதுகிறேன். கோபத்தோடு நினைத்துப் பார்க்கும்போது எனக்கு எல்லாரும் தமிழில்தான் பேசுகிறார்கள்.

"ட்ரெவர், மொசைக் மேல எண்ணெய் இருக்கு. யாரையும் தொட விடாதே. நான் வந்துட்டே இருக்கேன்."

"நீங்க ஏன் லீவு நாள்ல அலையணும், ராஜி? நானே க்ளீன் பண்ணிட்டேன். ஆல் குட்."

கார் சாவியைத் தேடினேன். இந்த வேலையில் நான் கேட்கப் பயப்படும் வாக்கியம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். க்ளீன் பண்ணிட்டேன்.

2. தரையில் இருந்தவள்

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதனால் அந்தத் தரையில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் கோபம் புரியாது.

அது ஒரு பணக்கார வீட்டு முற்றத்துத் தொட்டியின் அடித்தரை. கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு ஊர். மேலே தண்ணீர் நிற்க, அடியில் கற்களால் பதித்த கடல். நடுவில் ஒரு பெண்ணின் முகம். நெற்றியில் இரண்டு சின்னச் சிறகுகள், கழுத்தைச் சுற்றி ஒரு கடல்பாம்பு, தோளில் படகுத் துடுப்பு. லேபிளில் ஒரு கிரேக்கப் பெயர் போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார்கள். இவள் யார் என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுத் தீரவில்லை. நான் அவளுக்குக் கடல்காரி என்று பெயர் வைத்திருந்தேன்.

அவளைச் சுற்றி மீன்கள். லேபிளில் வெறுமனே "மீன்கள்" என்றுதான் இருந்தது. எனக்கு ஊர் தூத்துக்குடி. முதல் நாள் குனிந்து பார்த்தபோதே மடவை தெரிந்தது, கணவாய் தெரிந்தது, இறால் தெரிந்தது, விலாங்கு மாதிரி நீண்டு வாயைப் பிளந்த அஞ்சாலை தெரிந்தது. அஞ்சாலையின் பல் வரிசையைக்கூட விட்டுவைக்காமல் பதித்திருந்தான் அந்த மகராசன். மீன் மார்க்கெட்டில் பொழுதைப் போக்காதவனுக்கு அந்தக் கை வராது.

ஆனால் அவன் முழுத் திறமையையும் காட்டியிருந்தது அவள் இடது கன்னத்தில். இந்தச் சதுரக் கற்களைத் தொழிலில் டெசரா என்போம். உடம்புக்கெல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு கல் வைத்தவன், கன்னத்துக்கு மட்டும் மாதுளை முத்தைவிடச் சின்னதாக வெட்டியிருந்தான். வெள்ளை, பால் மஞ்சள், இளஞ்சிவப்பு, கொஞ்சம் கருஞ்சிவப்பு. எல்லாம் சுண்ணாம்புக்கல், பளிங்கு. பக்கத்தில் போனால் வெறும் கல். பத்தடி தள்ளி நின்றால் இப்போதுதான் நீரிலிருந்து முகத்தைத் தூக்கியவள் மாதிரி இருப்பாள்.

என் தாத்தா காலத்தில் இவளைப் பெயர்த்தெடுத்தார்கள். முகத்தின் மேல் துணியை ஒட்டி, துண்டு துண்டாக அறுத்து, கப்பலேற்றி, இங்கே கொண்டுவந்து சிமென்ட் பலகையில் பதித்தார்கள். அந்தக் கால வழக்கம் அப்படி. அதன் பிறகு எந்தப் புண்ணியவானோ பளபளப்புக்காக மெழுகு பூசினான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் பூசினான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கடல்காரியின் முகம் பழைய சமையலறைச் சுவர் மாதிரி மஞ்சளும் பிசுக்குமாக இருந்தது.

நான் ஊரில் சிவில் படித்தவள். கல்யாணமாகி நியூஜெர்சிக்கு டிபென்டென்ட் விசாவில் வந்து, வேலை பார்க்க அனுமதி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து, இந்த மியூசியத்தில் வாலன்டியராக நுழைந்தேன். அங்கேயிருந்து படித்து கன்சர்வேட்டர் ஆனேன். அதாவது, பழைய பொருள்கள் மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்கிற ஆள். புதிதாக்குகிற ஆள் இல்லை. இந்த வித்தியாசத்தை எத்தனையோ பேருக்குச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

கடல்காரியின் மெழுகை நான்தான் எடுத்தேன். பஞ்சு சுற்றிய குச்சியும் மெழுகைக் கரைக்கும் சால்வென்ட்டும் பூதக்கண்ணாடியுமாக, முழங்காலுக்கு ரப்பர் மெத்தை கட்டிக்கொண்டு, ஒரு குளிர்காலம் முழுக்க அவள் முகத்தின் மேல் குனிந்து கிடந்தேன். இடது கன்னம் வெளியே வந்த அன்று கேலரி காவலாளி என்னைக் கூப்பிட்டு, "இவளுக்கு உயிர் வந்துடுச்சு" என்றார். வீட்டில் போய் அழுதேன்.

அன்று மியூசியத்துக்குப் போகும் வழியில், ரூட் ஒன் ட்ராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தபோது அந்தக் கன்னம்தான் கண் முன்னால் நின்றது. படத்தில் விளக்கு நின்றிருந்த இடமும் அதுதான்.

3. நேச்சுரல்தானே

உள்ளே போனபோது எல்லாரும் ஆடிட்டோரியத்துக்குள் போயிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. வெளிக்கூடத்தில் ட்ரெவர் மட்டும், விளக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, மொசைக் மேல் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு ஸ்ப்ரே பாட்டில். இன்னொரு கையில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். கூடம் முழுக்க ஊறுகாய் ஜாடியைத் திறந்துவைத்த மாதிரி வாசனை.

"அது என்ன, ட்ரெவர்?"

"வினிகர். கெமிக்கல் எதுவும் இல்லை. நேச்சுரல்தான். எங்க வீட்ல எல்லாத்துக்கும் இதான்."

"எந்திரி."

"ஒரு ஓரத்துல மறுபடி பிசுக்கு தெரிஞ்சுது, அதான்—"

"எந்திரிடா!" என்று தமிழிலேயே கத்தினேன். அவனுக்கு நன்றாகவே புரிந்தது.

சுண்ணாம்புக்கல்லின் மேல் வினிகர் பட்டால் என்ன ஆகும் என்று எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். நுரைக்கும். நுரைப்பது அழுக்கு இல்லை, கல். கல்தான் கரைந்து காற்றாகப் போகிறது. அதோடு நார் வேறு. ட்ரெவர் அதைத் தேய்த்துத் தேய்த்து, "பாருங்க, வொர்க் ஆகுது" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

என் லேப் அறையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் கேனை இழுத்துவந்து ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை. ஒற்றினேன். புளிப்பு போகும்வரை மாற்றி மாற்றி ஒற்றினேன். அதன் மேல் எண்ணெயை உறிஞ்சக் களிமண் பொடியைக் கொட்டினேன். என் சேலை முந்தானை நனைந்தது.

அப்போதுதான் கௌசல்யாக்கா ஆடிட்டோரியத்திலிருந்து வெளியே வந்தார். பக்கத்து ஊர் மான்மவுத் ஜங்ஷனில் இருக்கிறார். எங்கள் பக்கம் சீமந்தமோ கிரகப்பிரவேசமோ அரங்கேற்றமோ, குத்துவிளக்கு கௌசல்யாக்காவுடையதுதான். மினிவேன் டிக்கியில் பழைய போர்வையில் சுற்றி எடுத்துவந்து, திருகிப் பொருத்தி, பூச்சுற்றி, பொட்டு வைத்து, முடிந்ததும் பிரித்து எடுத்துப்போவார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்.

"ராஜி! நீயும் வந்துட்டியா? உள்ள வா, பொண்ணு வர்ணம் ஆடிட்டிருக்கா."

"அக்கா, விளக்குல எண்ணெய் யார் ஊத்துனது?"

"நான்தாம்மா. ஏன்?"

"பல்பு வச்ச விளக்குக்கு எதுக்குக்கா எண்ணெய்?"

"ஐயையோ, நான் பத்தவைக்கவே இல்ல ராஜி! கான்ட்ராக்ட்ல நோ ஃப்ளேம்னு போட்டிருந்தாங்க. நான் நெருப்புப் பெட்டியே எடுத்துட்டு வரல. சத்தியமா." அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஆனா நல்ல காரியத்துல வெறும் விளக்கை வைக்கக் கூடாதுல்ல? அதான் ஒரு திருப்திக்கு நல்லெண்ணெய் ஊத்தி, திரி போட்டு, அது மேல பல்பை வச்சேன்."

என்ன சொல்வது? நோ ஃப்ளேம் என்று எழுதிய வக்கீலுக்கு, நெருப்பே இல்லாமல் எண்ணெய் ஊற்றுகிற ஜனம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? திருகு விளக்கு எதுவாக இருந்தாலும் மரை வழியாகக் கசியும். அது நமக்குத் தெரியும். அதனால்தான் வீட்டில் அடியில் தாம்பாளம் வைப்போம். இங்கே அந்தத் தாம்பாளத்தை, போட்டோவில் தரை டிசைன் தெரியவில்லை என்று போட்டோகிராபர் எடுக்கச் சொல்லியிருக்கிறான். கயிற்றையும் அவன்தான் நகர்த்தச் சொல்லியிருக்கிறான். நகர்த்திக் கொடுத்தது ட்ரெவர்.

"அந்த முகம் சாமி மாதிரில்ல இருக்கு, ராஜி. நாங்க எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறினோம்" என்றார் அக்கா.

செருப்பைக் கழற்றினார்களாம். எனக்கு வந்த கோபத்தில் அக்காவை என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். அவர் விளக்கைத் தூக்கித் தன் பட்டுப்புடவை மேலேயே சாய்த்துக்கொண்டு, எண்ணெய் ஒழுக ஒழுக வெளியே எடுத்துப்போனார்.

4. களிமண் வேலை

எண்ணெய்க் கறையை எடுக்கும் முறை சாதாரணமானதுதான். கறையைக் கரைக்கும் சால்வென்ட்டில் களிமண்ணைக் குழைத்து, கல்லின் மேல் அடைமாவு பதத்தில் பூசி, மூடிவைக்க வேண்டும். கரைந்த எண்ணெய் களிமண்ணுக்குள் ஏறும். காய்ந்ததும் மெல்ல எடுத்துவிட்டு, அடுத்தது. இதற்குப் போல்டிஸ் என்று பெயர். அவசரப்பட்டால் கறை பரவும். பொறுமையாக இருந்தால் வந்துவிடும்.

வந்தது. நல்லெண்ணெய் புதிதாக இருந்ததாலும், நான் மெழுகை எடுத்திருந்ததால் கல் மூச்சுவிடும்படி இருந்ததாலும், களிமண் ஒவ்வொரு தடவையும் பழுப்பாக ஊறி வந்தது. ஒவ்வொரு தடவையும் பழுப்பு குறைந்தது. கடைசியில் களிமண் வெள்ளையாகவே வந்தது. எண்ணெய் போய்விட்டது. யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நல்லெண்ணெயின் சுவடே இல்லை.

களிமண்ணைத் துடைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன்.

கன்னத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெளிறல். கற்களின் மேல்தோல் போய், சொரசொரப்பாக, சாம்பல் அப்பின மாதிரி இருந்தது. இளஞ்சிவப்புக்கும் பால் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த சாந்து கரைந்து, சில கற்கள் பல் ஆடுவதுபோல் ஆடின. ஆடிய கற்களை மறுபடி நிறுத்திவிட்டேன். தோலைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. உலகத்தில் யாரிடமும் இல்லை.

பூகம்பம் வந்து அந்த ஊர் இடிந்து விழுந்தபோது அவள் பிழைத்தாள். மண்ணுக்கடியில் கிடந்து பிழைத்தாள். துண்டு துண்டாக அறுத்துக் கப்பலேற்றியும் பிழைத்தாள். ஒரு காபி குடிக்கிற நேரத்தில், நேச்சுரல் என்று எழுதிய பாட்டிலால் கன்னத்தை இழந்தாள். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

5. டைரக்டர் அறையில்

மியூசியம் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். நல்ல சூட், நல்ல சிரிப்பு, எல்லாரையும் முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

"ராஜி, அந்த எண்ணெய் டேமேஜ் பத்தி நிர்வாக போர்டுக்குச் சொல்லணும்."

"எண்ணெய் டேமேஜ் இல்ல சார். எண்ணெய் போயிடுச்சு. டேமேஜ் வினிகர்."

"ரெண்டும் ஒரே சம்பவம்தானே. எண்ணெய் கொட்டலைன்னா வினிகருக்கு வேலையே இல்லை." பேனாவை உருட்டிக்கொண்டார். "இனிமே விளக்கு வைக்கிற கம்யூனிட்டி ஈவென்ட்ஸ் எதுக்கும் இடம் கொடுக்கறதில்லைன்னு முடிவு பண்ணிருக்கோம். அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டிருக்கேன். நீங்களே சொன்னா அவங்களுக்குக் கஷ்டமா இருக்காது. உங்க மக்கள்தானே."

உங்க மக்கள். இத்தனை வருஷம் அந்தக் கட்டிடத்தில் நான் மியூசியத்தின் ஆளாக இருந்தேன். அவருக்கு ஒரு பழியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் தேவைப்பட்ட அன்றுதான் எனக்கு மக்கள் இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது.

"கல்யாண ரிசெப்ஷன்ல ஒயின் கொட்டியிருக்கு சார். அப்ப எந்தக் கம்யூனிட்டியை நிறுத்தினீங்க?"

அவர் சிரித்தார்.

அந்த வாரமே குடும்பம் வந்தது. தன்யாவின் அப்பா டாக்டர், அதிர்ந்து பேசாதவர். அம்மா சுமதி. தன்யா. கூப்பிடாமலே கௌசல்யாக்காவும் வந்திருந்தார். ட்ரெவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

டைரக்டர் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து நின்றுவிட்டார். "சார், ஐ புட் ஆயில். ஒன்லி மீ. இந்தப் பொண்ணுக்கும் அவ பேரன்ட்ஸுக்கும் ஒண்ணும் தெரியாது. மை மிஸ்டேக். ஐ ஆம் வெரி வெரி சாரி." பிறகு என்னைப் பார்த்து, "தரையில இருக்கிற அந்த அம்மா மூஞ்சி கெட்டுப்போச்சுன்னு குரூப்ல சொன்னாங்க. எனக்குச் சோறு இறங்கல, ராஜி" என்றார்.

தன்யா அழுதுகொண்டிருந்தாள். "இட்ஸ் பிகாஸ் ஆஃப் மை டான்ஸ். ஐ ருயின்ட் இட்" என்றாள்.

டைரக்டர் இரக்கமாகத் தலையாட்டிவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். நான் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது.

சொன்னேன். ஆனால் அவர் சொல்லச் சொன்னதை இல்லை. லேப் அறையில் உதிரிச் சுண்ணாம்புக்கல் வைத்திருக்கிறோம், மாதிரி பார்ப்பதற்கு. அதில் ஒரு துண்டை முந்தின நாளே நல்லெண்ணெயில் நனைத்து, போல்டிஸ் போட்டு எடுத்திருந்தேன். நனைக்காத ஒரு துண்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எது எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் வினிகரை ஊற்றி, இன்னொரு துண்டைப் போட்டேன். சோடா திறந்த மாதிரி கல்லிலிருந்து குமிழ் கிளம்பி மேலே வந்தது. அறையில் எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

சுமதிக்குத்தான் முதலில் பிடிபட்டது. "ராஜிக்கா, எங்க கிச்சன் ஐலண்ட் மேடைல லெமன் வெட்டி வச்சு, வெள்ளையா வட்டம் விழுந்துச்சு. மார்பிள். என்ன போட்டும் போகல. அதே மாதிரியா?"

"அதேதான். உங்க கவுன்டர்ல எலுமிச்சம்பழம் பண்ணினதை இங்க வினிகர் பண்ணிருக்கு. எண்ணெய் வந்தது, எடுத்தாச்சு. நிரந்தரமாப் போனது வினிகரால. அது இவங்க கொண்டுவந்தது இல்லை. மியூசியத்தோட பாட்டில்."

டைரக்டரின் சிரிப்பு காணாமல் போயிருந்தது. "ராஜி, நீங்க மெழுகை எடுக்காம இருந்திருந்தா வினிகர் கல்லைத் தொட்டிருக்காதே?"

இதை அவர் யோசித்து வைத்திருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க நான் முழங்கால் தேயக் கும்பிட்டுக் கிடந்ததை என் தலையிலேயே போடப் பார்த்தார்.

"ஆமா சார். மெழுகு இருந்திருந்தா கொஞ்சம் தாங்கியிருக்கும். அழுக்கு மூஞ்சியோட இருந்தா யாரும் பக்கத்துல நின்னு போட்டோவும் எடுத்திருக்க மாட்டாங்க. அதுக்காக மூஞ்சியைக் கழுவினது தப்பா?"

"அது தொட்டித் தரை. நூற்றாண்டுக்கணக்கா ஈரத்துல இருந்தது. கொஞ்சம் வினிகருக்கு இவ்வளவு—"

"தண்ணியில இருந்தது சார். ஊறுகாயில இல்ல."

டாக்டர் மெல்லக் கேட்டார். "ஒண்ணு மட்டும் புரியல. ராஜி மேடம் இங்க எக்ஸ்பர்ட். போன் பண்ணினா வந்திருப்பாங்க. ஏன் அவங்களைக் கூப்பிடல?"

சுவரோரம் நின்ற ட்ரெவர் பேசினான். முகம் சிவந்திருந்தது.

"நான் போன் பண்ணினேன். ராஜிக்கு இல்லை, டைரக்டருக்கு. ராஜியைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அவங்க வந்தா ஹாலையே மூடிருவாங்க, அவங்க பார்க்கறதுக்குள்ள சுத்தம் பண்ணிடுன்னு சொன்னார். எதை வச்சுன்னு அவர் சொல்லல. வீட்ல பண்றதைப் பண்ணினேன். சாரி, ராஜி."

நான் டைரக்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பாவம் அந்தப் பையன். அவனை நான் டா போட்டுத் திட்டியிருக்கிறேன். அவனுக்குத் தெரியாது, செய்தான். இவருக்குத் தெரியும். வந்தால் மூடிவிடுவேன் என்று தெரியும். மூட வேண்டிய விஷயம் என்பதும் தெரியும். தெரிந்துதான் எனக்கு முன்னால் துடைக்கச் சொன்னார். துடைத்துவிட்டு, மிச்சத்தை அழுகிற ஒரு பெண்ணின் தலையில் வைத்து, அதையும் என் வாயால் சொல்லவைக்கப் பார்த்தார்.

"என் மக்களுக்கு நான் சொல்லிட்டேன் சார்" என்றேன். "போர்டுக்கும் இதையேதான் சொல்வேன். உங்க மக்களுக்கு நீங்க சொல்லிடுங்க."

6. கூப்பிடுங்கள்

விளக்கு வைக்கிற நிகழ்ச்சிகளுக்குத் தடை வரவில்லை. மொசைக் இருக்கும் கூடத்தை வாடகைக்கு விடுவதையே நிறுத்திவிட்டார்கள், எல்லாருக்கும் சேர்த்து. போர்டிடம் நான் கேட்டதும் அதுதான். என் வேலையும் போகவில்லை. ஆனால் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை டைரக்டரிடமிருந்து அந்தப் பெண்ணுக்குப் போகவில்லை. எனக்கும் வரவில்லை. கன்னத்தைப் பற்றிப் பார்வையாளர் கேட்டால், கைடுகள் "காலத்தின் தடம்" என்று சொல்ல வேண்டுமாம். அப்படி ஒரு உத்தரவு. காலம் என்ன பாவம் பண்ணியது? எத்தனையோ நூற்றாண்டாக அது அவள் மேல் கை வைக்கவில்லையே!

சில பேர் என்னிடம், "நீங்க கொஞ்சம் சிடுசிடுன்னு இல்லாம இருந்தா பயப்படாமக் கூப்பிட்டிருப்பாங்க" என்று புத்தி சொன்னார்கள். அதையும் உட்கார்ந்து யோசித்தேன். இல்லை. தீயணைப்பு வண்டி சத்தம் போடுகிறது என்று யாராவது தீயை மறைப்பார்களா?

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பழைய பொருளின் மேல் ஏதாவது கொட்டினால் கொட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம் கெடுக்கிறது. துடைக்கிறவர்கள் பாதிப் பேர் நல்லெண்ணத்தில் துடைப்பார்கள். மீதிப் பேர் யாரும் பார்ப்பதற்குள் துடைப்பார்கள். இரண்டு பேர் கையையும் பிடிக்கப் பழகுங்கள். உங்கள் மேலதிகாரியின் கையாக இருந்தாலும்.

கௌசல்யாக்கா அதற்கு அடுத்த மாதம் மியூசியத்துக்கு வந்து வாலன்டியர் கைடாகச் சேர்ந்துவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. பயிற்சி வகுப்புக்கு மினிவேனில் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். சனிக்கிழமைகளில் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் பேட்ஜ் குத்திக்கொண்டு கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பார். மடவை, கணவாய், அஞ்சாலை என்று நான் சொல்லிக்கொடுத்த பெயர்களையெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குத் தமிழிலேயே சொல்லுவார். அவர்களும் திருப்பிச் சொல்லுவார்கள்.

போன சனிக்கிழமை நான் லேபிலிருந்து வெளியே வந்தபோது ஒரு கூட்டம் நின்றிருந்தது. டைரக்டர் யாரோ முக்கியமான விருந்தாளியை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர் கன்னத்தைக் காட்டி, "அது பழசானதால் வந்ததா?" என்று கேட்டார்.

அக்கா டைரக்டரைப் பார்த்தார். குரலை ஒரு பிடி உயர்த்திக்கொண்டார்.

"நோ, நோ. நாட் ஓல்ட் ஏஜ். ஆயில், மை மிஸ்டேக். ஆயில் கோ. வினிகர், மியூசியம் மிஸ்டேக். வினிகர் ஸ்டே."